விமலராணிக்காகத் திரும்பிய மண்டபம்

1987ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை, டென்மார்க்கின் யூலாண்ட் பகுதியில் ஹேர்னிங் நகருக்கு வெளியே இருந்த லுண்ட்ஸ்கோ பின்னலாடைத் தொழிற்சாலையின் விளையாட்டு மண்டபம், உள்ளே ஊரில் பாதிப்பேர் இருக்க, அத்திவாரத்தின் மேலேயே திரும்பிக்கொண்டது. மத்தியானம் தெருவைப் பார்த்து நின்ற கதவு, ஆட்டம் முடிந்தபோது உருளைக்கிழங்கு வயலைப் பார்த்து நின்றது. அதே வாரம் பன்றியிறைச்சியின் விலையும் ஏறியது. ஊரார் இரண்டைப் பற்றியும் ஏறத்தாழ ஒரேயளவுதான் பேசினார்கள். யூலாண்ட்காரர் சும்மா சும்மா வாயைப் பிளக்கிறவர்கள் அல்லர். வெளியே வந்தார்கள், சப்பாத்தில் வயற்சேறு அப்புவதைப் பார்த்தார்கள், கட்டடத்தைச் சுற்றிப்போய்த் தங்கள் கார்களைக் கண்டுபிடித்தார்கள், வீட்டுக்குப் போய்க் கோப்பி ஊற்றினார்கள். காரணம் விமலராணி என்பது மட்டும் இருட்டுவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சின்ன ஊர், ஒரு கதையும் தங்காது.

முதலில் அணியைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பின்னல் இயந்திரங்களில் காசு பார்த்தவர் முதலாளி லுண்ட்ஸ்கோ. மற்ற முதலாளிமார் விளையாட்டு அணிகளுக்குத் தங்கள் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்வார்கள். அவருக்கு அது பிடிக்காது. மாட்டை வாங்கினால் கயிற்றோடு வாங்கவேண்டும் என்கிற ஆள். ஆகவே ஊர்க் கழகத்திடமிருந்து பெண்கள் கரப்பந்தாட்ட அணியை அப்படியே முழுதாக வாங்கினார். பெண்கள் காலையில் இயந்திரத்தில் நின்றார்கள், மத்தியானத்துக்குப் பிறகு பந்தடித்தார்கள், இரண்டுக்கும் சம்பளம் எடுத்தார்கள். அவர்கள் போட்ட சட்டை கம்பனியின் நூல், குடியிருந்த வீடு கம்பனியின் வீடு, அடித்த பந்து கம்பனியின் பந்து. அணித்தலைவி பீர்த்த என்பவள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவும் இருந்தாள். இயந்திரங்களுக்கு மேலாகக் கத்திக் கத்திப் பழகிய குரல் அவளுடையது, மண்டபத்தில் அவள் "என் பந்து!" என்று கூவினால் வயலில் காகம் எழும்பும்.

விமலராணி யாழ்ப்பாணத்துச் சில்லாலைக்காரி. 1986இல் கிழக்கு பேர்லின் வழியாகத் தனியாக வந்து சேர்ந்தவள். பெண் முன்னே வர ஆண் பின்னே நிற்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கிற தமிழர் கூட்டத்தில் அதைப் பற்றி வேண்டியமட்டும் வாய் மென்றார்கள். விஷயம் ஒன்றுமில்லை: ஆமி சுற்றிவளைப்புக்குப் பயந்து புறப்பட்ட அந்த மாதத்தில் ஏஜென்சிக்காரனின் கையில் ஒரேயொரு பாஸ்போட்தான் இருந்தது, அதில் இருந்த படம் ஒரு பெண்ணுடையது. புருஷன் செல்வரட்ணம் மீசையை வழித்தாலும் அது அவருக்குப் பொருந்தாது. "நீர் போய் ஆறு மாதத்திலை எங்களைக் கூப்பிடும், நாங்கள் வாறம்," என்றார் அவர், நாலு வயது நிறோஷினியைத் தோளில் போட்டபடி. டென்மார்க் அவளை அகதியென்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டால் புருஷனையும் பிள்ளையையும் அழைப்பது அவளுடைய உரிமை என்று சட்டமும் சொன்னது. அவள் அன்றைக்கே விண்ணப்பித்தாள். வேலை தேடி லுண்ட்ஸ்கோவுக்கு வந்தாள். கம்பனி கொடுத்த ஓர் அறை வீட்டில் மூன்று கரண்டி, மூன்று கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவள் பந்தாட்டத்துக்குள் போனது வேண்டுமென்று அல்ல. சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பெண்கள் தட்டிக்கொண்டிருந்த பந்து ஒன்று அவளிடம் பறந்துவந்தது. அவள் பாண் துண்டை இடக்கைக்கு மாற்றிவிட்டு, வலக்கையைப் பொத்தி ஒரு குத்துக் குத்தினாள். பந்து தொழிற்சாலைக் கூரையைத் தாண்டிப் போயிற்று. பீர்த்த அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்க்கிறமாதிரி. யாழ்ப்பாணத்தில் ஓவர் கேம் என்று ஒரு கரப்பந்தாட்டம் உண்டு. அது ஆண்களின் ஆட்டம். ஆனாலும் விமலராணிக்கு அண்ணன்மார் பலர், ஒழுங்கைக்குள் ஒரு ஆள் குறைந்தால் தங்கையை இழுத்து நிறுத்திவிடுவார்கள். அந்த ஒழுங்கை ஆட்டத்தில் அவரவருக்கு அவரவர் இடம். முன்னுக்கு நிற்கிறவன் முன்னுக்கு, பின்னுக்கு நிற்கிறவன் பின்னுக்கு. விட்டுவிட்டுப் போனால் அண்ணனிடம் குட்டு வாங்கவேண்டும். உலகத்தின் மற்ற ஆட்டம் அப்படியல்ல. சர்வீஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து நம் பக்கம் வந்தால் ஆறு பேரும் கடிகார முள் போகிற திசையில் ஓரிடம் மாறவேண்டும். பீர்த்த சாப்பாட்டு மேசையில் ஆறு நூற்கண்டை வைத்து நகர்த்தி நகர்த்தி இதைக் காட்டிக் கொடுத்தாள். விமலராணி தலையாட்டினாள். விளங்கியும் இருந்தது. விளங்குவது தலைக்கு, நிற்பது காலல்லவா.

அந்த நவம்பர்ச் சனிக்கிழமை ஒருத்திக்குக் கணுக்கால் பிரள, விமலராணியை உள்ளே இறக்கினார்கள். சர்வீஸ் கைமாறியது. ஐந்து பெண்கள் ஓரிடம் மாறினார்கள். விமலராணி கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றாள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். பீர்த்த கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் மண்டபம் ஒரு முனகலோடு நகர்ந்து, அவள் நிற்கவேண்டிய அடுத்த இடத்தை அவளுடைய காலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தது. நடுவர் எண்ணிப் பார்த்தார். எல்லாரும் விதிப்படி அவரவர் இடத்தில் நின்றார்கள். ஆள் மாறவேண்டும் என்றுதான் விதி சொல்லுகிறதே தவிர, கட்டடம் மாறக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. அவர் விசிலைக் கீழே விட்டார். திரிகையின் நடு ஆணி மாதிரி அவள் நிற்க, அன்று முழுவதும் மண்டபம் அவளைச் சுற்றியது. செற் முடிந்து அணிகள் பக்கம் மாறியபோது ஒரேயடியாக அரைவட்டம் போட்டது. எதிரணிப் பெண்கள் இருவர் வாளி கேட்டார்கள். லுண்ட்ஸ்கோ அணி வென்றது.

இது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அவளுடைய அந்த ஒக்ரோபரை அறியாதவர்கள். யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கிய நாளிலிருந்து செல்வரட்ணத்திடமிருந்து ஒரு சொல் வரவில்லை. சில்லாலைப் பக்கம் ஷெல் விழுந்தது என்றார்கள், விழவில்லை என்றார்கள். அவள் சோற்றைப் பிசைவாள், அப்படியே வைத்துவிட்டு எழும்புவாள். மண்டபம் திரும்பியதற்கு இரண்டாம் நாள் ஞானரட்ணம் அண்ணை காரில் வந்து இறங்கினார். அவர்தான் அந்தப் பகுதித் தமிழருக்கு மொழிபெயர்ப்பாளர், பூசைக்கு ஆளேற்றுகிறவர், வானொலி, எல்லாம். கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்ததாம். "தேப்பனும் மேளும் கோயிலுக்குள்ளை சனத்தோடை இருக்கினம் தங்கச்சி. சுகமாம். ரெண்டுபேருக்கும் ஒண்டுமில்லை." விமலராணி வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். பிறகு அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவளுக்கு ஒன்று பட்டது: நான் நின்றேன், அவர்கள் தப்பினார்கள். அன்றைக்கே மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் இந்த மண்ணில் கால் வைக்கும்வரை, வலைக்கு இந்தப் பக்கம் தான் நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை என்று.

ஞானரட்ணம் அண்ணை அதோடு போயிருந்தால் நல்லது. போகமாட்டார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இன்னொரு குண்டையும் போட்டார். "ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லாதையும். கேஸ் முடியுமட்டும் விலாசத்தை மாத்தக்கூடாது. எஸ்பியர்க்கிலை ஒரு பெடியன் வீடு மாறினவன். அவன்ரை ஃபைல் அடிக்குப் போயிட்டுதாம்." ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்று அவர் எல்லாத் தமிழருக்கும் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வருடங்களில் யூலாண்டில் ஒரு தமிழ்க்குடும்பமும் வீடு மாறவில்லை. பூஞ்சணம் பிடித்த சுவரோடும் ஒழுகுகிற கூரையோடும் கிடந்தார்கள். உண்மை அதைவிடக் கேவலமானது. கொப்பன்ஹேகனில் மேலே இருந்தவர்கள், இந்தத் தமிழரின் கோப்புகளைத் தொடவேண்டாம், கிடக்கட்டும் என்று காதும் காதும் வைத்தமாதிரிச் சொல்லியிருந்தார்கள். வீடு மாறியவனின் கோப்பும் கிடந்தது, மாறாதவனின் கோப்பும் கிடந்தது. அது அப்போது யாருக்குத் தெரியும்? கேட்டவர்களுக்கெல்லாம் பொறுங்கள் என்று பதில் வந்தது. பொறுக்கிறவர்கள் தங்களில்தான் பிழை தேடுவார்கள். விமலராணி தான் நிரப்பிய படிவத்தை நினைவில் திரும்பத் திரும்ப நிரப்பிப் பார்த்தாள். பிறந்த ஊரைப் பிழையாக எழுதினேனோ, கையெழுத்து வளைந்துபோயிற்றோ என்று புரண்டு படுப்பாள்.

இதற்கிடையில் ஊர் மண்டபத்துக்குப் பழகிக்கொண்டது. சனிக்கிழமைகளில் கதவு எந்தப் பக்கம் இருக்கும் என்று பேக்கரியில் பந்தயம் பிடித்தார்கள். குளிர்காலத்துச் சொற்ப வெயில் உள்ளே விழுகிற நேரம் பார்த்துக் கிழவர்கள் ஆசனம் மாறி மாறி இருந்தார்கள். எதிரணிகள் பயணத்தலைச்சுற்றுக்குக் குளிசை போட்டுக்கொண்டு வந்தன. எஸ்பியர்க் பெண்களுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் மீன்பிடிப் படகுக்காரரின் பிள்ளைகள், ஆடாத தரையில்தான் அவர்களுக்கு அந்தரம். வெளியூர் ஆட்டங்களுக்கு விமலராணியைக் கூட்டிப்போவதில்லை. அடுத்தவனுடைய கட்டடத்தைப் போய்த் திருப்பிவிட்டு வருவது மரியாதையல்ல என்பது லுண்ட்ஸ்கோவின் எண்ணம்.

கதை கெட்டது 1988 இலையுதிர்காலத்தில். திரும்பித் திரும்பி, மண்டபத்துக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகிற இரும்புக் குழாய் முறுகிப்போய் வெடித்தது. காப்புறுதிக் கம்பனி அனுப்பிய பொறியியலாளர் சுற்றிப் பார்த்தார், நல்ல மனிதர், ஆனால் உள்ளதைச் சொன்னார்: கட்டடம் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் காப்புறுதி இல்லை. லுண்ட்ஸ்கோ விமலராணியைக் கந்தோருக்கு அழைத்தார். ஞானரட்ணம் அண்ணை நடுவில் கதிரை போட்டு இருந்தார். முதலாளி பேசப் பேச அண்ணையின் முகம் சுண்டிக்கொண்டே போயிற்று. "தங்கச்சி, அவர் கோவமாச் சொல்லேல்லை. ஒண்டில் மற்றவையைப்போலை நீரும் இடம் மாறி விளையாடவேணும். இல்லாட்டி வைலேயிலை இவையின்ரை காலுறை ஃபக்ரறி இருக்கு, அங்கை அனுப்புவினமாம். வீடும் அங்கை தருவினமாம், இதைவிடப் பெரிசு."

பெரிய வீடாம்! வைலே என்றால் வேறு விலாசம். வேறு விலாசமென்றால் கோப்பு அடிக்கு. இங்கே இருந்து அசைந்தாலோ நேர்த்தி முறியும், முறிந்தால் ஊரில் இருக்கிற இரண்டு பேருக்கும் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். அவள் எழும்பி நின்றாள். "அண்ணை, அவருக்குச் சொல்லுங்கோ. நான் வெளிக்கிடேக்கை என்ரை பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த விலாசத்தைத் தேப்பன் அவளுக்குச் செபம்போலைப் பாடமாக்கி வைச்சிருக்கிறார். சண்டைக்கு முன்னம் வந்த கடிதத்திலை எழுதினவர், படுக்கமுன்னம் தினமும் சொல்லுறவளாம். நான் வைலேக்குப் போனால் என்ரை பிள்ளை பாடமாக்கினது பிழைச்சுப் போகும். அதை ஆர் போய் அவளுக்கு மாத்திச் சொல்லிக் குடுக்கிறது? அங்கை தபாலும் இல்லை, ரெலிபோனும் இல்லை." ஞானரட்ணம் அண்ணை மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் விட்டு, மீதியைக் கையால் காட்டினார். லுண்ட்ஸ்கோ யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறேன் என்றார்.

அவரை அதிகம் யோசிக்க விடவில்லை பீர்த்த. விஷயம் அவளுடைய காதுக்கு எட்டியதும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, அணி முழுவதையும் கூட்டிக்கொண்டு கந்தோர் வாசலில் போய் நின்றாள். அணியைத் துண்டு துண்டாக வாங்கவில்லை, முழுதாகத்தான் வாங்கினீர்கள், ஆகவே அனுப்புவதென்றாலும் முழுதாகத்தான் அனுப்பவேண்டும் என்றாள். எல்லாருமாக வைலேக்குப் போய்க் காலுறை பின்னுவோம், உங்கள் கிண்ணங்களையும் கொண்டுபோவோம் என்றாள். விமலராணிக்கு டேனிஷ் பாதிதான் விளங்கியது. தன் பெயர் அடிக்கடி வந்ததும், யாரும் சிரிக்கவில்லை என்பதும் விளங்கின. லுண்ட்ஸ்கோ அன்று பின்னேரம் தகப்பனின் பழைய பண்ணைக்குப் போய் மாடுகளுக்கு நடுவில் நின்றாராம். பால் கறக்கிற இயந்திரத்தைப் பார்த்தார். மாடு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் றப்பர் குழாய் கூடவே திரும்பியது. அடுத்த வாரம் மண்டபத்தின் இரும்புக் குழாய்களைக் கழற்றிவிட்டு, தடித்த றப்பர் குழாய்களைப் பூட்டினார்கள். பொறியியலாளர் வந்து பார்த்துச் சரி என்றார், கட்டடம் நிற்கவேண்டும் என்ற வரியை அடித்துவிட்டு, கட்டடம் திரும்பலாம் என்று எழுதிக் கொடுத்தார். விமலராணி அன்று பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சோறு தின்றாள்.

1989இல் கொப்பன்ஹேகனில் நீதி மந்திரி மாறினார். மேசையில் கிடந்தவை மெல்ல மெல்ல எழும்பத் தொடங்கின. ஒரு வெள்ளிக்கிழமை ஞானரட்ணம் அண்ணை தொழிற்சாலை முற்றத்துக்குள் கார் ஹோர்னை அமத்திக்கொண்டே வந்தார். "கிடைச்சிட்டுது! ரெண்டுபேருக்கும் கிடைச்சிட்டுது தங்கச்சி! எழும்பும், ஏன் நிலத்திலை இருக்கிறீர்?" பயணத்துக்கு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காயிற்று. விமான நிலையத்துக்குத் தானே போய்க் கூட்டிவருவேன் என்று அண்ணை மாதாவின் மேல் சத்தியம் பண்ணினார். அவள் மெத்தை விரிப்பு வாங்கினாள். சின்னச் சப்பாத்து வாங்கினாள், அளவு தெரியாமல் இரண்டு சோடி.

ஆனால் கொழும்பில் ஒரு நாள் முந்திய விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. கொப்பன்ஹேகனில் இறங்கியதும் செல்வரட்ணம் தொழிற்சாலைக்கு ரெலிபோன் எடுத்தார், சனிக்கிழமை கந்தோர் பூட்டு. ஒரு சூட்கேஸும் மகளுமாக விழித்துக்கொண்டு நின்றவரைப் பொலிஸ்காரர் ஒருவர் விசாரித்தார். செல்வரட்ணம் மகளை முன்னே நிறுத்தினார். ஏழு வயது நிறோஷினி கைகட்டி நின்று, தெருவின் பெயர், வீட்டு இலக்கம், ஊர், ஹேர்னிங், டென்மார்க் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். பொலிஸ்காரர் இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டு ரசித்துவிட்டு, இருவரையும் கூட்டிக்கொண்டுபோய் ரயிலில் ஏற்றினார். ஹேர்னிங்கில் டாக்சிக்காரனுக்கும் அதே செபம். அவன் சொன்ன வீட்டின் முன்னால் இறக்கிவிட்டான். தட்டினார்கள், வீட்டில் ஆளில்லை. முற்றத்துக்கு அப்பால் பெரிய மண்டபம் ஒன்றிலிருந்து சனத்தின் ஆரவாரம் கேட்டது. அங்கே போனால் யாரையாவது விசாரிக்கலாம் என்று செல்வரட்ணம் நினைத்தார்.

கதவு இடப்பக்கம் தெரிந்தது. இடப்பக்கம் போனார்கள், கதவைக் காணவில்லை. சுற்றிப் போனார்கள், மூலையில் ஒருமுறை தெரிந்தது, கிட்டப் போவதற்குள் மறைந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. "அப்பா, கதவு ஓடுது," என்றாள் நிறோஷினி. "விசர்க்கதை கதையாதை பிள்ளை. கதவு எங்கையும் ஓடுமோ?" என்றவருக்கு விமானத்தில் வந்த தலைச்சுற்று இன்னும் போகவில்லையோ என்று சந்தேகம். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடிப் பார்த்தார். உள்ளே ஒரு செற் முடிந்திருக்கவேண்டும், சுவர் முழுவதும் அவர்களைத் தாண்டி அரைவட்டம் போக, கதவும் மூக்குக்கு முன்னால் வந்து போயே போய்விட்டது. வயற்கரையில் அப்பனும் மகளும் சேற்றில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். சூட்கேஸை அப்பாவின் கையிலிருந்து வாங்கி, நிலத்தில் வைத்து, அதன் மேல் நிறோஷினி ஏறி உட்கார்ந்தாள். "நான் இனி வரேல்லை. நான் இதிலைதான். கதவு வேணுமெண்டால் வரட்டும்." செல்வரட்ணத்துக்கு அந்த மழைக்குள்ளும் சிரிப்பு வந்தது. "நீ கொம்மாவின்ரை பிள்ளைதான்," என்றார்.

உள்ளே எஸ்பியர்க் அணியோடு கடைசிச் செற் நடந்துகொண்டிருந்தது. பீர்த்த ஒரு பந்தை வலைக்கு மேலால் அறைந்தாள், சர்வீஸ் கைமாறியது, மண்டபம் முனகிக்கொண்டு திரும்பியது, விமலராணியின் காலுக்குக் கீழே சர்வீஸ் போடுகிற மூலை வந்து நின்றது. பந்து அவளுடைய கையில். அதே நேரம் பின்னால் கதவு திறந்து குளிர்காற்று வந்தது. கதவைத் திறந்து போட்டவனைத் திட்டுவதற்கு எல்லாரும் திரும்பினார்கள். நனைந்த கோட்டோடு ஒரு கறுத்த மனிதரும், சூட்கேஸைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெட்டையும் நின்றார்கள். விமலராணி பந்தை விட்டாள். அது தரையில் உருண்டது. இரண்டு வருடமாக மண்டபத்தையே சுற்றவைத்து அசையாமல் நின்றவள், அந்த நீளமெல்லாம் ஓடினாள், மண்டபம் இம்மியும் அசையவில்லை. நடுவர் கடமைக்கு விசில் ஊதினார். எஸ்பியர்க் பெண்கள் தங்களுக்கு வந்த பந்தைத் தொடவில்லை, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிறோஷினி அம்மாவைச் சேலையில் விட்டுப் பிரிந்தவள். ஓடிவந்தவளோ தலைமயிர் வெட்டி, கம்பனிச் சட்டையும் அரைக்காற்சட்டையுமாக இருந்தாள். பிள்ளை அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உது அம்மாவோ?" செல்வரட்ணம் அவளிடம் குனிந்தார். "ஓம் பிள்ளை. அம்மாதான். காற்சட்டை மட்டும்தான் புதிசு." விமலராணி இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வந்திட்டீங்களோ, வந்திட்டீங்களோ என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பீர்த்த சட்டையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தாள். தோல்வியென்றால் ஒரு வாரத்துக்கு யாரோடும் பேசாத லுண்ட்ஸ்கோ, அன்று ஆட்டம் தோற்றதைக் கவனிக்கவேயில்லை. தானே போய்க் கோப்பி கொண்டுவந்தார். மூன்று பேரும் மறுநாள் மத்தியானம்வரை நித்திரை கொண்டார்கள். ஞானரட்ணம் அண்ணைக்குச் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. மனுஷன் ஞாயிறு பொழுதுபடும்வரை கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் நின்றுவிட்டு வந்து, ஒரு மாதம் அவர்களோடு கதைக்கவில்லை.

அதன் பிறகு விமலராணி மற்றவர்களைப்போல இடம் மாறி மாறி விளையாடினாள். தொடக்கத்தில் தடுமாறி ஆட்களோடு முட்டுப்பட்டாள், பிறகு பழகிவிட்டது. கம்பனியின் பெரிய வீடு ஒன்றுக்கும் மாறினார்கள். நிறோஷினி பள்ளிக்கூடம் போய், இரண்டு வருடத்துக்குள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொன்னாள். மண்டபம் அந்தச் சனிக்கிழமை நின்றபடியே நின்றது, காணிக்குக் குறுக்காக, கதவு வயற்கரையைப் பார்த்தபடி. பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாமோ என்று யாரோ கேட்டார்கள். லுண்ட்ஸ்கோ தெருவிலிருந்து வயற்கரைவரைக்கும் கல் பதித்துக் கொடுத்தார்.

1993 ஜனவரியில் தமிழர் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்ட விஷயம் வெளியே வந்து, அரசாங்கம் பதவி விலகியது. தொழிற்சாலைச் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் செய்தி போனபோது பீர்த்த இயந்திரங்களை நிறுத்தினாள். எல்லாரும் விமலராணியைப் பார்த்தார்கள். இப்போது அவளுக்கு டேனிஷ் முழுதும் விளங்கும். செய்தி முடியும்வரை நின்று கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடி, பெரிய மூச்சு ஒன்று விட்டாள். பின்னேரம் செல்வரட்ணத்திடம்தான் சொன்னாள். "இஞ்சாருங்கோ, நான் ஏதோ பிழையா எழுதிப்போட்டன் எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். நான் ஒரு பிழையும் விடேல்லையாம்." அவர் அவளுடைய தலையைத் தடவிவிட்டார். அன்று அவள் பயிற்சிக்குப் போகவில்லை, மகளோடு சீட்டு விளையாடினாள்.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், மண்டபம் ஏன் இப்படிக் கோணலாக நிற்கிறது என்று இன்றைக்கும் கேட்பதுண்டு. விமலாவின் பிள்ளை வந்த நாளில் அப்படி நின்றது என்று ஊரார் சொல்லுவார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.